ரஷ்யனா, இந்தோனேஷியனா? தமிழருக்கு எது எளிது

ரஷ்ய மொழி கடினம், இந்தோனேஷிய மொழி எளிது என்பது ஆங்கிலம் பேசுபவர்கள் போட்ட கணக்கு. தமிழர் கணக்குப் போட்டால் விடை சற்று மாறுகிறது.

அமெரிக்க வெளியுறவுத் துறை தன் தூதரக அதிகாரிகளுக்கு மொழி கற்பிக்க ஒரு பயிற்சி நிலையம் நடத்துகிறது. எந்த மொழியில் தேர்ச்சி பெற எத்தனை வாரம் பிடிக்கும் என்று அது ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. இந்தோனேஷிய மொழிக்கு சுமார் 36 வாரம். ரஷ்ய மொழிக்கு சுமார் 44 வாரம். மொழி கற்க ஆசைப்படுபவர்கள் உலகெங்கும் மேற்கோள் காட்டும் பட்டியல் இது. ரஷ்ய மொழி இருக்கும் அதே 'கடின' வகுப்பில் இன்னொரு மொழியும் இருக்கிறது: தமிழ்.

பட்டியலின் பலவீனமும் அங்கேயே தெரிந்துவிடுகிறது. இது ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களை வைத்து அளந்தது. அவர்களைத் திணற வைக்கும் பல விஷயங்களைத் தமிழ்க் குழந்தை பள்ளிக்குப் போகும் முன்பே பேசிப் பழகிவிடுகிறது. அவர்களுக்கு இயல்பாக வரும் சில விஷயங்கள் தமிழரின் காலை வாரிவிடுகின்றன. ஆகவே இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க நினைக்கும் தமிழர் தனக்கென்று ஒரு கணக்குப் போட்டாக வேண்டும்.

இது பொழுதுபோக்குக் கணக்கு அல்ல. ரஷ்யாவின் மருத்துவக் கல்லூரிகளில் இந்திய மாணவர்கள் ஆயிரக்கணக்கில் படிக்கிறார்கள். வெளிநாட்டில் படித்து இந்தியாவில் டாக்டராகப் பதிவு செய்துகொள்ள விரும்புபவர் ஆங்கில வழியில்தான் படித்திருக்க வேண்டும், அதே கல்வி நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சியும் முடித்திருக்க வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2021இல் விதி வகுத்தது. பாடம் ஆங்கிலத்தில் இருக்கலாம். வார்டில் படுத்திருக்கும் பாட்டி ரஷ்ய மொழியில்தான் பேசுவார். வேலை தேடி ரஷ்யாவுக்குப் போய் உக்ரைன் போர்முனையில் சிக்கிய இந்திய இளைஞர்களின் கதை 2024இல் வெளியானது. தங்களுக்குப் புரியாத ரஷ்ய மொழியில் இருந்த தாளில் கையெழுத்துப் போட்டதாக அவர்களில் சிலர் சொன்னார்கள்.

இந்தோனேஷியாவிலும் தாளுக்கு அந்த மதிப்பு உண்டு. அந்நாட்டவருடன் செய்யும் ஒப்பந்தம் இந்தோனேஷிய மொழியில் இருக்க வேண்டும் என்று 2009ஆம் ஆண்டின் 24ஆம் எண் சட்டம் சொல்கிறது. ஆங்கிலத்தில் மட்டும் எழுதப்பட்ட ஒரு கடன் ஒப்பந்தம் செல்லாது என்று 2013இல் மேற்கு ஜகார்த்தா நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2015இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

எழுத்தும் ஒலியும்

ரஷ்ய மொழிக்கு 33 எழுத்துகள். சிரிலிக் என்ற அந்த எழுத்துமுறை முதல் பார்வையில் மிரட்டும். ஆனால் 247 எழுத்துகளை ஒப்பித்தவர்களுக்கு அது ஒரு வார வேலை. புதிய வடிவங்கள் சிக்கல் தருவதில்லை. பழகிய முகத்தோடு வந்து வேறு ஒலி தரும் எழுத்துகள்தான் ஏமாற்றுகின்றன. ஆங்கில 'ஹெச்' போல இருப்பது 'ந'. 'சி' போல இருப்பது 'ஸ'. மாஸ்கோவில் ஓர் ஓட்டல் பலகையை ஆங்கிலக் கண்ணால் படித்தால் 'பெக்டோபா' என்று வரும். அங்கே எழுதியிருப்பது 'ரெஸ்தரான்'.

ஒலிதான் மெய்யான சோதனை. சொல்லில் எந்த அசையை அழுத்த வேண்டும் என்று எழுத்து காட்டாது. 'ஸாமக்' என்றால் கோட்டை, 'ஸமோக்' என்றால் பூட்டு; எழுதும்போது இரண்டும் ஒன்றே. அழுத்தம் விழாத 'ஒ' 'அ' ஆகிவிடும். மாஸ்கோ அந்த ஊர்க்காரர் வாயில் 'மஸ்க்வா' ஆவது இதனால்தான். மெய்யெழுத்துகள் முட்டி மோதிக்கொண்டு வரும். வணக்கம் சொல்வதற்கே 'ஸ்த்ராஸ்த்வுய்தே' என்று புரட்டியாக வேண்டும். ஸ்கூலை 'இஸ்கூல்' ஆக்கிக்கொண்ட நாக்கு இங்கே பயிற்சி எடுத்துத்தான் தீர வேண்டும்.

இந்தோனேஷிய மொழி ஆங்கில எழுத்துகளிலேயே எழுதப்படுகிறது. 1972இல் எழுத்துச் சீர்திருத்தம் நடந்ததிலிருந்து எழுதியபடி படித்தால் பெரும்பாலும் சரியாக வரும். ஓர் உயிரெழுத்துக்கு மட்டும் இரண்டு ஒலி. சொல்லின் முதலில் வரும் 'ங', 'ஞ' ஒலிகள் வெள்ளைக்காரர்களைத் திக்கித் திணற வைக்கும். அரிச்சுவடியிலேயே 'ங', 'ஞ' படித்தவருக்கு, கொசுவைக் குறிக்கும் 'ஞாமுக்' ஒரு பிரச்சினையே இல்லை.

இரண்டு மொழிக்கும் பொதுவான ஓர் எச்சரிக்கை உண்டு. தமிழ் எழுத்தில் குறிப்பெடுக்கக் கூடாது. இந்தோனேஷிய மொழியில் 'கற்பது' என்ற சொல்லும் 'மாணவர்' என்ற சொல்லும் தமிழில் எழுதினால் ஒரே 'பெலாஜார்' ஆகிவிடும். முதல் எழுத்தின் 'ப' ஒன்றில் 'பம்பாய்' பகரம், மற்றதில் 'பழம்' பகரம். ரஷ்ய மொழியில் வீடும் புத்தகத் தொகுதியும் தமிழில் எழுதினால் 'தோம்' என்றே வரும். தமிழ் எழுத்து காட்டாத இந்த வேறுபாட்டில்தான் அங்கே பொருளே அடங்கியிருக்கிறது. முதல் நாளிலிருந்து அந்தந்த மொழியின் எழுத்திலேயே எழுதிப் பழகுவது நல்லது.

எனக்கு, என்னிடம், கத்தியால்

ரஷ்ய மொழி என்றதும் எல்லோரும் பயமுறுத்துவது அதன் ஆறு வேற்றுமைகளைச் சொல்லித்தான். பெயர்ச்சொல்லின் வால் வாக்கியத்துக்கு வாக்கியம் மாறும். ஆங்கிலேயருக்கு இது புது உலகம். எட்டு வேற்றுமை படித்த தமிழருக்கு அப்படி அல்ல. கத்தி, கத்தியை, கத்தியால், கத்திக்கு என்று சொல்லியே வளர்ந்தவருக்கு, 'நோஷ்' என்ற கத்தி 'கத்தியால்' என்னும் பொருளில் 'நஷோம்' ஆவதில் வியப்பு இருக்காது.

வாக்கியங்களை வைத்துப் பார்த்தால் ஒற்றுமை இன்னும் நெருங்குகிறது. 'நான் டாக்டர்' என்பதில் தமிழுக்கு வினைச்சொல் தேவையில்லை. ரஷ்ய மொழிக்கும் தேவையில்லை: 'யா வ்ராச்'. 'என்னிடம் புத்தகம் இருக்கிறது' என்பதை ரஷ்யரும் ஏறக்குறைய அப்படியே சொல்கிறார். 'எனக்குக் குளிர்கிறது', 'எனக்குப் பிடித்திருக்கிறது', 'எனக்கு இருபது வயது' என்ற மூன்றையும் ஆங்கிலம் வேறு விதமாகச் சொல்லும். ரஷ்ய மொழியில் மூன்றும் 'ம்ன்யே', அதாவது 'எனக்கு' என்றே தொடங்கும். 'எழுதினேன்', 'எழுதிவிட்டேன்' என்ற இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்கூட அங்கே உண்டு. எழுதும் செயலைச் சொல்ல 'பிஸால்', எழுதி முடித்துவிட்டதைச் சொல்ல 'நபிஸால்'. ரஷ்ய வினைச்சொற்கள் இப்படி ஜோடி ஜோடியாக வருவதுதான் மேலைநாட்டு மாணவர்களை வாட்டும் பகுதி. தமிழரிடம் அதற்கு 'விடு' என்ற துணைவினை தயாராக இருக்கிறது.

அதற்காக ரஷ்ய மொழி எளிதாகிவிடாது. தமிழில் 'ஐ' என்றால் எல்லாப் பெயருக்கும் 'ஐ'தான். ரஷ்ய உருபுகள் பெயரின் பாலைப் பொறுத்தும் ஒருமை பன்மையைப் பொறுத்தும் மாறும். புத்தகம் பெண்பால், வீடு ஆண்பால், ஜன்னல் இரண்டுமில்லாத பால். உயர்திணை, அஃறிணை என்று உலகைப் பிரித்துப் பழகியவருக்கு இது அநியாயமாகப் படும். தில்லியிலோ மும்பையிலோ ஹிந்தியோடு மல்லுக்கட்டிய தமிழருக்கு இந்த வலி பழகியது. 'எழுதினேன்' என்று சொல்லும்போதுகூட ஆண் 'பிஸால்' என்பார், பெண் 'பிஸாலா' என்பார்.

எண்ணுவதும் வம்புதான். ஓர் ஆண்டு 'கோத்'. இரண்டு, மூன்று, நான்கு என்றால் 'கோதா'. ஐந்திலிருந்து 'ல்யெத்' என்று சொல்லே மாறிவிடும். 'போ' என்ற ஒரு சொல்லுக்கு நடந்து போவது, வண்டியில் போவது, ஒரு முறை போவது, அடிக்கடி போய்வருவது என்று தனித்தனி வினைகள். சென்னையிலிருந்து மாஸ்கோவுக்குப் போகிறேன் என்பதில் வினையை மாற்றிப் போட்டால், கால்நடையாகக் கிளம்பிவிட்டதாகப் பொருள் வரும். ஆகவே கருத்தளவில் பாதி கிணற்றைத் தாண்டியிருக்கும் தமிழர், மீதிப் பாதியை மனப்பாடத்தால்தான் தாண்ட வேண்டும்.

சாப்பிட்டாச்சா?

இந்தோனேஷிய மொழி முதல் வகுப்பிலேயே வரம் தருகிறது. நான் சாப்பிட்டேன், அவள் சாப்பிடுகிறாள், அவர்கள் சாப்பிடுவார்கள் எல்லாவற்றுக்கும் வினை 'மாகான்' ஒன்றுதான். காலம் காட்ட நேற்று, நாளை என்ற சொற்களோ, வேறு சிறு துணைச்சொற்களோ போதும். பால் இல்லை, அவன், அவள் இருவரும் 'தியா'. வேற்றுமை உருபு இல்லை. பன்மை வேண்டுமானால் சொல்லை இரண்டு முறை சொல்லலாம்.

இங்கும் தமிழருக்குச் சொந்தக்காரர்கள் காத்திருக்கிறார்கள். எதிரே இருப்பவரைச் சேர்த்துச் சொன்னால் 'கீதா', விட்டுச் சொன்னால் 'காமி'. நம் 'நாம்', 'நாங்கள்' அப்படியே. ஆங்கிலம், ஹிந்தி, ரஷ்யன் மூன்றிலும் இல்லாத நுட்பம் இது. 'சுதா மாகான்?' என்று கேட்டால் 'சாப்பிட்டாச்சா?'. இல்லை என்பவர் வெறுமனே 'இல்லை' சொல்ல மாட்டார். 'பெலும்', அதாவது 'இன்னும் இல்லை' என்பார். கல்யாணம் ஆகிவிட்டதா என்ற கேள்விக்கும் அதே 'பெலும்'தான் மரியாதையான பதில். முன்பின் தெரியாதவரை அப்பா, அம்மா, அண்ணா, அக்கா முறை வைத்து அழைப்பது அங்கேயும் வழக்கம்.

சொற்களில் பல பரிச்சயமானவை. குரு, பூமி, ராஜா, மந்திரி, வர்ணம், ரஸம் போன்ற வடசொற்களை இந்தோனேஷியரும் தங்கள் உச்சரிப்பில் சொல்கிறார்கள். கப்பல் அங்கே 'காபால்', கடை 'கெடாய்', பெட்டி 'பெதி', கழுதை 'கெலெடாய்'. வியாபாரத்தில் போடும் முதல் 'மோதால்'. நீச்சல் குளத்தில் 'கோலாம்' இருக்கிறது. மணமகனுக்கும் மணமகளுக்கும் பொதுவான 'மெம்பெலாய்' நம் மாப்பிள்ளையிடமிருந்து போனது. வியாபாரிகளோடு கடல் கடந்த சொற்கள் இவை. சுமத்ராவின் மேற்குக் கரையில் பாருஸ் அருகே கிடைத்த 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, ஐந்நூற்றுவர் என்ற வணிகர் குழு அங்கே இருந்ததைச் சொல்கிறது. அதே தீவின் மேடான் நகரில், தோட்டத் தொழிலாளர்களாகப் போன தமிழர்களின் மாரியம்மன் கோயில் 1884 முதல் நிற்கிறது.

ஆனால் உறவுக்காரச் சொல்லை நம்பி ஏமாறவும் கூடாது. 'நெகாரா' நகரம் அல்ல, நாடு. 'ஆசாரா' என்றால் நிகழ்ச்சி. 'டோஸா' சாப்பிடும் பண்டம் அல்ல, பாவம். 'இது' போல ஒலிக்கும் 'இத்து' என்றால் அது. அக்கம்பக்கத்து மலேசியாவோடும் கவனம் வேண்டும். இரு நாட்டு மொழிகளும் ஒரே மலாய் மொழியின் கிளைகள். ஒன்று தெரிந்தால் மற்றது பெரும்பாலும் புரியும். ஆயினும் 'பெர்சுமா' மலேசியாவில் இலவசம், இந்தோனேஷியாவில் வீண்.

தேன் தீர்ந்த பிறகு

மூன்று மாதத்தில் சந்தைக்குப் போய் பேரம் பேசிவிடலாம். செய்தித்தாளைத் திறக்கும்போதுதான் இந்தோனேஷிய மொழி தன் மறுமுகத்தைக் காட்டும். 'அஜார்' என்ற ஒரே வேரிலிருந்து கற்றல், கற்பித்தல், மாணவர், ஆசிரியர், பாடம், ஆராய்ந்து படித்தல் என்று ஆறேழு சொற்கள் முன்னும் பின்னும் ஒட்டுப் போட்டுக்கொண்டு கிளம்பும். அகராதியில் எல்லாமே வேரின் கீழ்தான் இருக்கும். வேரைக் கண்டுபிடிக்கத் தெரியாதவருக்கு அகராதி பயன்படாது.

வேர் ஒளிந்துகொள்ளவும் செய்யும். 'துலிஸ்' என்றால் எழுது. முன்னொட்டுச் சேர்ந்தால் 'மெனுலிஸ்'. 'புகுல்' (அடி) 'மெமுகுல்' ஆகும். 'சாபு' (பெருக்கு) 'மெஞாபு' ஆகும். 'கிரிம்' (அனுப்பு) 'மெஙிரிம்' ஆகும். வெளிநாட்டு மாணவர்கள் இதை ஓர் அட்டவணையாக எழுதி உருப்போடுகிறார்கள். தமிழ் இலக்கண வகுப்பில் தூங்காதவருக்கு அட்டவணையே தேவையில்லை. தகரம் போய் நகர ஒலி, பகரம் போய் மகரம், சகரம் போய் ஞகரம், ககரம் போய் ஙகரம். வல்லினம் மறைந்த இடத்தில் அதன் இன மெல்லினம் வந்து உட்காருகிறது. இன எழுத்து என்று ஆறாம் வகுப்பில் படித்த விதி ஜகார்த்தாவில் வேலைக்கு ஆகிறது.

வாக்கிய அமைப்பு மட்டும் தமிழுக்கு நேர் எதிர். பெரிய வீடு அங்கே 'ரூமா பெஸார்', வீடு பெரிய. என் வீடு 'ரூமா ஸாயா', வீடு என். இரண்டு பூனையை 'இரண்டு வால் பூனை' என்று வால் கணக்கில் எண்ண வேண்டும். போதாக்குறைக்கு வகுப்பில் படித்த மொழி தெருவில் கேட்காது. 'இல்லை' என்பதற்கு உரிய 'டிடாக்' தெருவில் 'எங்ஙாக்' ஆகிவிடும். 'சுதா' வெறும் 'உதா' ஆகும். எழுதுவது ஒன்று, பேசுவது ஒன்று என்று இரட்டை வாழ்க்கை நடத்தும் தமிழர் இதற்காக வருத்தப்பட முடியாது.

பேசுபவர்களின் பொறுமை கற்பவருக்கு இன்னொரு சலுகை. இந்தோனேஷியாவில் 700க்கும் மேற்பட்ட மொழிகள் உண்டு. எண்ணிக்கையில் பெரியது ஜாவானிய மொழி. ஆனால் 1928 அக்டோபரில் கூடிய இளைஞர் மாநாடு அதை விட்டுவிட்டு, துறைமுகங்களில் வழங்கிய மலாய் மொழியைப் பொது மொழியாக ஏற்றது. 2010 கணக்கெடுப்பின்படி வீட்டில் இந்தோனேஷிய மொழி பேசுபவர்கள் சுமார் ஐந்தில் ஒருவர்தான். மற்றவர்களும் அதைப் படித்துக் கற்றவர்களே. தட்டுத்தடுமாறிப் பேசும் அந்நியரைக் கண்டு அவர்கள் முகம் சுளிப்பதில்லை.

எதற்காக, எங்கே?

ரஷ்ய மொழி ரஷ்யாவோடு முடிவதில்லை. பெலாரஸ், கஜகஸ்தான், கிர்கிஸ்தான் ஆகியவற்றிலும் அது அரசு அலுவல்களில் புழங்குகிறது. ஐ.நா.வின் ஆறு மொழிகளில் ஒன்று. மருத்துவம், அணுசக்தி, விண்வெளி, ராணுவத் தளவாடம் என்று இந்தியாவோடு நீண்ட கொடுக்கல் வாங்கல் இருக்கிறது. கூடங்குளத்து அணு உலைகளே சாட்சி. டால்ஸ்டாயையும் தாஸ்தயெவ்ஸ்கியையும் மூலத்தில் படிக்கலாம் என்பது கூடுதல் ஆசை. தில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம், ஹைதராபாத்தின் ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் பட்டப் படிப்பு உண்டு. சென்னையில் ரஷ்யக் கலாசார மையம் இருக்கிறது. ரஷ்ய அரசின் உதவித்தொகை பெற்றுப் போகிறவர்கள் முதல் ஆண்டை மொழி கற்கவே செலவிடலாம்.

இந்தோனேஷிய மொழியின் பலம் வியாபாரத்தில். இந்தியா வாங்கும் பாமாயிலிலும் நிலக்கரியிலும் பெரும்பங்கு அங்கிருந்துதான் வருகிறது. 1970களிலிருந்தே இந்தியத் தொழிலதிபர்கள் அங்கே நூற்பாலையும் எஃகு ஆலையும் நடத்தியிருக்கிறார்கள். 2023 நவம்பரில் யுனெஸ்கோ பொது மாநாடு இந்தோனேஷிய மொழியைத் தன் அதிகாரபூர்வ மொழிகளில் ஒன்றாக்கியது. படிக்க விரும்புபவருக்கு அந்நாட்டு அரசு 1974 முதல் நடத்தும் 'தர்மசிஸ்வா' உதவித்தொகை இருக்கிறது. பெயரிலேயே தர்மமும் சிஷ்யனும் இருக்கிறார்கள். இலக்கிய ஆசைக்கும் குறைவில்லை. புரு தீவில் அரசியல் கைதியாக இருந்த ப்ரமூத்யா அனந்த தூர், சக கைதிகளுக்கு வாய்மொழியாகச் சொல்லி உருவாக்கிய நாவலின் பெயர் 'பூமி மனுஸியா'. அதைத் தமிழருக்கு யாரும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஆறு மாதத்தில் வாயைத் திறந்து பேச வேண்டும், கடை, ஆலை, துறைமுகம் என்று புழங்க வேண்டும் என்பவருக்கு இந்தோனேஷிய மொழியே சரி. ஆனால் ஒப்பந்தத்தைப் படிக்கும் அளவுக்குப் போக வேண்டுமானால், எளிது என்ற பேச்சை நம்பி மூன்றாவது மாதத்தில் புத்தகத்தை மூடிவிடக் கூடாது. ரஷ்யாவில் ஆறு ஆண்டு படிக்கப் போகிறவருக்குத் தேர்வே கிடையாது. விமானம் ஏறும் முன்பே எழுத்தையும் ஆறு வேற்றுமையையும் தொடங்கிவிடுவதுதான் புத்திசாலித்தனம்; அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்பவர் நோயாளியின் கட்டிலருகே ஊமையாக நிற்க நேரும்.

அந்தக் கட்டிலில் இருப்பவர் சொல்லும் முதல் வாக்கியம் பெரும்பாலும் 'ம்ன்யே போல்ன' என்பதாக இருக்கும். 'எனக்கு வலிக்கிறது'. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் இங்கே 'நான்' எங்கே என்று தேடுவார். தமிழ் மாணவருக்கு அந்த 'எனக்கு' பிறந்ததிலிருந்து தெரியும். எங்கே வலிக்கிறது, எப்போதிலிருந்து வலிக்கிறது என்று கேட்கத்தான் அவர் படிக்க வேண்டியிருக்கிறது.